வலையுறுப்புகளும் உலாவிகளின் உடன்பாடும்

யாப்பிலக்கணம் கற்கப் புகுவார் முதற்கண் அறிவது, செய்யுளென்பது உறுப்புகளால் ஆயது என்பதாம். எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர்கள் தளையால் இணைந்து அடியாகும் முறைமையை நாம் முதலாண்டிலேயே பயின்று விடுகின்றோம். இணையத்தில் நாடோறும் நாம் காணும் பக்கங்களும் அங்ஙனமே உறுப்புகளால் ஆயவை. தலைப்பு, பத்தி, படம், பொத்தான், விடையெழுதும் கட்டம் என்னும் இவை ஒவ்வொன்றுக்கும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் ஒரு பெயர் உண்டு. அப்பெயரை எழுதிய அளவிலே உலாவி அதன் பொருளை உணர்ந்து திரையிற் காட்டும். ஆயின் அப்பெயர்கள் நூற்றுச் சில்லறையே. வெண்பாவுக்கென்று அவற்றுள் ஒரு பெயரில்லை, பதவுரைக்கென்றும் இல்லை, சொல்லைத் தொட்டால் அதன் பொருள் அருகே தோன்றும் அகராதிக் குறிப்புக்கும் இல்லை.

இக்குறையை நீக்குதற்கு எழுந்ததே வெப் காம்பொனெண்ட்ஸ் என்னும் ஏற்பாடு. இதனை யாம் வலையுறுப்பு என்போம். பக்கத்தை ஆக்குவோன் தானே ஒரு புதுப்பெயரைப் படைத்து, அதற்கு உருவும் செயலும் வகுத்துப் பழைய பெயர்களோடு ஒக்க வழங்கலாம் என்பது இதன் சாரம். சொல்லிப் பார்க்குமிடத்து எளிதாகத் தோன்றுகின்றது. ஆனால் ஒருவன் படைத்த சொல்லைக் கேட்போனும் உணர வேண்டுமன்றோ? இங்குக் கேட்போர் உலாவிகளே. கூகிளின் க்ரோம், ஆப்பிளின் சபாரி, மொஸில்லாவின் பயர்பாக்ஸ், மைக்ரோசாப்டின் எட்ஜ் என்பன அவற்றுட் சிறந்தவை. ஒன்று உணர்ந்து மற்றொன்று உணராதொழியின், ஒரே பக்கம் ஒரு மாணவர்க்கு முழுமையாகவும், அவர் பக்கத்தில் அமர்ந்த மாணவர்க்கு வெற்றிடமாகவும் தோன்றும். ஆகவே வலையுறுப்புகளின் வரலாறு பெரும்பாலும் உலாவிகள் உடன்பட்டதும் உடன்படாததுமாகிய வரலாறே.

இவ்வேற்பாடு மூன்று பகுதிகளையுடையது. முதலாவது கஸ்டம் எலிமெண்ட்ஸ் எனப்படும் பெயர்ப்படைப்பு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு வகுப்பை எழுதி, 'இப்பெயர் வருமிடமெல்லாம் இவ்வகுப்பின்படி நடக்க' என்று உலாவியிடம் பதிவு செய்தலாம். அவ்வுறுப்பு பக்கத்திற் சேரும்போதும், நீங்கும்போதும், அதன் பண்பு மாறும்போதும் உலாவியே அவ்வகுப்பை அழைத்துச் சொல்லும். பெயர் முன்னே வந்து பதிவு பின்னே வரினும் குற்றமில்லை. பதிவு வந்தவுடன், முன்னரே நின்ற பெயர்கள் உயிர் பெற்றெழும். இரண்டாவது டெம்ப்ளேட் எனப்படும் வார்ப்பு. அது தான் திரையிற் றோன்றாது. வேண்டும்போது படியெடுத்துக் கொள்ளுதற்காக நிற்பது. இதுபற்றி உலாவிகளிடையே பெரும்பிணக்கு எழவில்லை. க்ரோமும் பயர்பாக்ஸும் 2013-லேயே இதனை ஏற்றன. எனவே இதனை இவ்வளவில் விடுவோம்.

மூன்றாவதாகிய ஷாடோ டாம் என்பதே விரித்துரைக்கத் தக்கது. நிழல்மரம் என்று இதனைச் சொல்லலாம். ஒரு பக்கத்தின் உறுப்புகளெல்லாம் வேரும் கிளையுமாக ஒரு மரம்போல் அமைந்திருப்பன. அம்மரத்தின் ஓர் உறுப்பினுள், வெளியார் எளிதிற் புகாதவாறு, தனியே ஒரு சிறுமரத்தை நட்டுவைத்தல் கூடும். வெளியே எழுதப்பட்ட நடைத்தாள் அதனுள் நுழையாது. உள்ளே எழுதப்பட்டது வெளியே கசியாது. எடுத்துக்காட்டாக, செய்யுளின் அடிகளைச் சிவப்பிலும் உரையைக் கருப்பிலும் காட்டும் ஓர் உறுப்பை நாம் ஆக்கினோமென்க. அதனை எவர் தம் பக்கத்தில் வைத்தாலும், அவர் பக்கத்தின் விதிகள் நம் செய்யுளைக் குலைக்கமாட்டா. நம் விதிகளும் அவர் பக்கத்தைக் குலைக்கமாட்டா. ஒரு விலக்கு உண்டு. எழுத்துரு, நிறம் போன்ற மரபுரிமைப் பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குமாறு உள்ளேயும் இறங்கும். இஃது ஒருவாற்றான் நன்மையே.

உலாவிகள் இத்தகைய நிழல்மரங்களைத் தாமே நெடுநாளாக வைத்திருந்தன என்பது அறியத்தக்கது. நிகழ்படத்தைக் காட்டும் வீடியோ என்னும் உறுப்பை நோக்குக. நாம் எழுதுவது ஒரு சொல்லே. திரையிலோ ஓட்டும் பொத்தான், நேரக்கோடு, ஒலியளவு முதலியன எல்லாம் தோன்றுகின்றன. அவை யாண்டிருந்து வந்தன? உலாவியைக் கட்டியோர் உள்ளே ஒளித்துவைத்த சிறுமரத்திலிருந்தே வந்தன. தமக்கு மட்டும் இருந்த அவ்வுரிமையைப் பக்கம் ஆக்குவோர் எல்லார்க்கும் அளித்தலே ஷாடோ டாம் செய்த புதுமை.

இவ்வெண்ணம் 2011-இல் திடீரெனத் தோன்றியதென்று எண்ணுவார் உளர். அங்ஙனமன்று. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1999-இல் வெளியிட்ட இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல், எச்.டி.சி. என்னும் பெயரால், உறுப்புகளுக்குப் புதுச்செயலை ஒட்டவைக்கும் முறையொன்று இருந்தது. மொஸில்லாவினர் எக்ஸ்.பி.எல். என்னும் மற்றொரு முறையை வகுத்து, 2001-இல் டபிள்யூ.3.சி. என்னும் வலையமைப்புக் கழகத்தின் முன் வைத்தனர். பயர்பாக்ஸின் சொந்த முகப்பே பல்லாண்டு அம்முறையாற் கட்டப்பட்டிருந்தது. அதன் இரண்டாம் வடிவம் 2007-இல் ஏற்புக்குரிய வரைவாக உயர்ந்தும், எவ்வுலாவியும் அதனைச் செயற்படுத்தவில்லை. இரண்டு முறைகளும் ஒவ்வொரு நிறுவனத்தின் வீட்டுவழக்காகவே நின்று, பின்னர் வழக்கொழிந்தன. திசைச்சொல் செந்தமிழ்ச் சொல்லாகாது மறைந்தமை போலும் இது.

2011-ஆம் ஆண்டில் கூகிளைச் சார்ந்த அலெக்ஸ் ரஸ்ஸல் என்பார் ஐரோப்பாவில் நிகழ்ந்த ப்ரண்டியர்ஸ் மாநாட்டில் வெப் காம்பொனெண்ட்ஸ் என்னும் பெயரை முன்வைத்துப் பேசினார். 2013-இல் பாலிமர் என்னும் துணைநூலகத்தைக் கூகிள் வெளியிட்டது. 2014-இல் க்ரோம் நிழல்மரத்தையும் பெயர்ப்படைப்பையும், இவற்றோடு எச்.டி.எம்.எல். இம்போர்ட்ஸ் என்னும் நான்காம் பகுதியொன்றையும் சேர்த்தது. இம்முதல் வடிவத்தைச் சுழி வடிவம் என்று துறையார் வழங்குவர்.

இங்கேதான் முதற் பிணக்கு எழுந்தது. ஏனையோர் ஒப்புக்கொள்ளுமுன் ஒருவர் ஓடிச் சேர்த்துவிட்டார் என்பது பலர் மனக்குறை. 2014 டிசம்பரில் மொஸில்லாவினர், இம்போர்ட்ஸ் என்னும் பகுதியைத் தாம் சேர்க்கப் போவதில்லை என வெளிப்படையாக அறிவித்தனர். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கே மாட்யூல் என்னும் பகுப்புமுறை வரவிருந்தமையின், அது வந்தபின் இதற்குத் தேவை இராது என்பது அவர் கருத்து. காலம் அவர்பக்கமே தீர்ப்பளித்தது. மாட்யூல்கள் வந்தன, இம்போர்ட்ஸ் க்ரோமினின்றே நீக்கப்பட்டது.

நிழல்மரத்தைப் பற்றியும் கருத்து வேறுபாடுகள் இருந்தன. பக்கம் ஆக்குவோன் உறுப்பினிடையே எழுதிய சொற்களை, உள்ளேயுள்ள சிறுமரத்தின் எவ்விடத்தில் வைத்துக் காட்டுவது? சுழி வடிவத்தில், நடைத்தாளின் தேர்வுக்குறிகளைக் கொண்டு உறுப்பே அவற்றைத் தேடியெடுத்துக் கொண்டது. ஆப்பிளார் முதலியோர் இதனினும் எளியதொரு வழியை விரும்பினர். முடிவிற் கொள்ளப்பட்டது ஸ்லாட் என்னும் முறை. உள்ளே பெயரிட்ட வெற்றிடங்கள் இருக்கும். வெளியே எழுதும் பகுதியில் 'இஃது இன்ன இடத்துக்குரியது' என்று பெயர் சொல்லப்படும். திருமண வீட்டில் இலைதோறும் பெயரெழுதி வைத்தாற்போல்வது. மேலும், சுழி வடிவத்தில் வெளி நடைத்தாள் சுவரைத் துளைத்து உட்புகுதற்குச் சில குறிகள் இருந்தன. சுவரெழுப்பியபின் அதில் துளையிடுவானேன் என்று கருதி அவையும் விலக்கப்பட்டன. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் இவ்வுடன்பாடுகள் ஏற்பட்டு, முதலாம் வடிவம் எனப்படும் புதிய விதி எழுந்தது.

விதி உடன்பட்ட பின்னும் வழக்கு உடனே மாறிவிடுவதில்லை. திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. ஆயினும் சீர்திருத்தத் திருச்சபைகளிற் பெரும்பாலான இன்றும் பழைய மொழிபெயர்ப்பையே ஆராதனையில் வாசிக்கின்றன. அது பழகிய சொல்லின் மேலுள்ள அன்பு. குறைகூற யாம் துணியோம். வலையில் நிகழ்ந்ததோ அத்துணை இனிய கதையன்று. யூடியூப் தளம் 2017-இல் புதுவடிவம் பெற்றபோது, பாலிமர் துணைகொண்டு சுழி வடிவ நிழல்மரத்தின்மீதே கட்டப்பட்டது. அவ்வடிவம் அந்நாளில் க்ரோமில் மட்டுமே இயல்பாக இருந்தது. பிற உலாவிகளுக்குப் பாலிஃபில் எனப்படும் இட்டுநிரப்பி அனுப்பப்பட்டது. அஃதாவது, உலாவி அறியாத செயலை ஜாவாஸ்கிரிப்டால் நடித்துக் காட்டுவது. நடிப்புக்கு நேரம் மிகுதியாம். யூடியூப் பக்கம் பயர்பாக்ஸிலும் எட்ஜிலும் க்ரோமைக் காட்டிலும் ஐந்து மடங்கு மெதுவாக ஏறுகின்றதென மொஸில்லாவின் மேலாளர் ஒருவர் 2018 ஜூலையில் எழுதினார். காண்போர் யாது நினைத்திருப்பர்? தம் உலாவியே மந்தமென்று நினைத்திருப்பர். விதியில் உடன்பாடின்மை வாசகன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் விளைவு மட்டும் தெரிகின்றது. இதனாலேயே இப்பொருள் பொறியாளர் சிலரின் உள்வீட்டு வழக்கன்றென்று யாம் கருதுகின்றோம்.

முதலாம் வடிவத்தை ஏற்ற வரிசை இது. நிழல்மரத்தை க்ரோம் 53-ஆம் பதிப்பிலும் சபாரி 10-ஆம் பதிப்பிலும், இரண்டும் 2016-இல், ஏற்றன. பெயர்ப்படைப்பை க்ரோம் அவ்வாண்டு அக்டோபரில் 54-ஆம் பதிப்பிலும், சபாரி 2017 மார்ச்சில் 10.1-ஆம் பதிப்பிலும் சேர்த்தன. பயர்பாக்ஸ் 2018 அக்டோபரில் 63-ஆம் பதிப்பில் இரண்டையும் ஒருங்கே கொணர்ந்தது. எட்ஜின் கதை வேறு. மைக்ரோசாப்டார் தம் சொந்தப் பொறியை மெருகிட்டு இவற்றைச் சேர்ப்பார் என்று பலரும் காத்திருந்தனர். அவரோ 2018 டிசம்பரில், தம் பொறியையே கைவிட்டு க்ரோமின் அடிப்படையாகிய குரோமியத்தைத் தழுவப் போவதாக அறிவித்தனர். அங்ஙனம் மாறிய எட்ஜ் 79-ஆம் பதிப்பு 2020 ஜனவரி 15-இல் வெளிவந்தது. அதனோடு நால்வரும் ஒத்தனர். ஆனால் நால்வர் ஒத்தனர் என்பதினும், மூன்று பொறிகள் ஒத்தன என்பதே உண்மைக்கு அணித்து. நான்காவது சான்றோன் முதற்சான்றோனின் வாயாற் பேசுகின்றான். உடன்பாடு எளிதாயிற்று என்று மகிழ்வதா, ஒரு குரல் குறைந்தது என்று வருந்துவதா என்பதில் எமக்கு இன்னும் ஐயமே. இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இவற்றை என்றும் ஏற்றதில்லை. 2022 ஜூனில் அதன் பதினோராம் பதிப்புக்குரிய ஆதரவு முடிந்தமையின் அதனைப் பற்றிய கவலையும் ஒருவாறு ஒழிந்தது.

தமிழ் மாணவர் விரும்பிக் கேட்கத்தக்க ஒரு செய்தியை இவ்விடத்தே சொல்லுவோம். புதுப்பெயர் படைத்தற்கு விதியுண்டு. பெயரின் முதலெழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்தாக இருத்தல் வேண்டும்; பெயரினுள் இடைக்கோடு ஒன்றேனும் வருதல் வேண்டும். இடைக்கோடு கேட்பது எற்றுக்கெனின், விதியாளர் நாளைப் படைக்கவிருக்கும் பெயர்களில் இடைக்கோடு வாராது. ஆகவே நம் பெயரும் அவர் பெயரும் என்றும் மோதா. முதலெழுத்து ஆங்கிலமாவது எற்றுக்கெனின், கூர்ங்குறியை அடுத்து ஆங்கில எழுத்து வந்தாலன்றி உலாவி அதனைக் குறிச்சொல்லின் தொடக்கமாகவே கொள்ளாது; வெறும் எழுத்தெனக் கருதித் திரையில் அப்படியே காட்டிவிடும். இவ்விரண்டு கட்டுப்பாடும் நீங்கலாக, எஞ்சிய எழுத்துகள் தமிழாகவே இருக்கலாம்! ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்து, ஓர் இடைக்கோடு, அதன்பின் 'வெண்பா' என்னும் தமிழ்ச்சொல்: இப்பெயர் விதிக்கு முற்றும் பொருந்தும். மொழிக்கு முதலாகும் எழுத்துகள் இவை, ஆகாதன இவை என்று தொல்காப்பியர் வகுத்ததைப் படித்த நமக்கு இவ்விதி புதுமையன்று. முதலில் நிற்கத் தமிழெழுத்துக்கு இடமில்லாமை மட்டும் சற்றே உறுத்துகின்றது.

உடன்பாடு முற்றுப்பெறாத இடங்களுள் முதன்மையானது இனி வருவது. புதுப்பெயர்கள் இருவகைய. ஒருவகை முற்றும் புதிதாய்ப் படைக்கப்படுவது. மற்றொருவகை, முன்னரே உள்ள பொத்தான் முதலிய பெயரோடு 'இஸ்' என்னும் பண்புக்குறியால் ஓர் அடையைச் சேர்த்து, அதன் இயல்புகள் கெடாமல் மேலும் சில இயல்புகளை ஏற்றுவது. மலர் என்னும் பெயரைச் செம்மலர் என்றாற்போல. இரண்டாம் வகையில் வரும் நன்மை பெரிது. பொத்தானென்றால் விசைப்பலகையால் அழுத்தத்தக்கது, திரைவாசிப்பி 'பொத்தான்' என்று கூறத்தக்கது என்னும் பண்புகளெல்லாம் தாமே உடன்வரும். முற்றும் புதிதாய்ப் படைத்தால் அவை ஒவ்வொன்றையும் நாமே எழுதிச் சேர்த்தாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் யாரோ ஒருவர்க்கு அப்பக்கம் பயன்படாது போம்.

க்ரோமும் பயர்பாக்ஸும் 2018-இல் இவ்விரண்டாம் வகையை ஏற்றன. ஆப்பிளார் மறுத்துவிட்டனர். அவர் கூறும் காரணம் எளிதிற் றள்ளத்தக்கதன்று. ஒரு பொருளின் வழித்தோன்றல், மூலப்பொருள் நிற்குமிடத்திலெல்லாம் பிழையின்றி நிற்றல் வேண்டும் என்பது நிரலாக்கத்தில் லிஸ்கோவ் என்பார் பெயரால் வழங்கும் கோட்பாடு. உலாவியின் உட்பொருள்கள் பிறர் வழித்தோன்றல் செய்தற்கென அமைக்கப்பட்டனவல்ல. ஆதலின் அவற்றின்மேற் கட்டுவது நிலையாது என்பர். பொத்தானும் விடைக்கட்டமும் போன்ற உறுப்புகளுக்கு நிழல்மரம் நடும் உரிமையை விதியே வழங்கவில்லை; பத்தி, தலைப்பு, பிரிவு முதலிய சிலவற்றுக்கே அவ்வுரிமை உண்டு என்பதும் அவர் பக்கத்திற்கு ஒருவாறு வலியூட்டுகின்றது. எனினும் மறுப்பின் சுமை யார் தலையில் விழுகின்றதென்று பார்க்கவேண்டும். ஐபோனில் க்ரோம், பயர்பாக்ஸ் என்னும் பெயர்களோடு விளங்கும் உலாவிகளும், ஆப்பிள் நிறுவனத்தின் நிபந்தனையால், நெடுங்காலம் சபாரியின் பொறியாகிய வெப்கிட்டையே உள்ளே வைத்தோடின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இல் சட்டத்தின் காரணமாக அந்நிபந்தனை தளர்ந்தது. ஆகவே ஓர் உலாவி பிடிக்காவிடின் வேறொன்றை எடுத்துக்கொள்க என்னும் அறிவுரை அக்கருவியிற் செல்லாது. ஆப்பிள் மறுத்தது அக்கருவி வைத்திருப்போர் எல்லார்க்கும் மறுக்கப்பட்டதாகின்றது. இட்டுநிரப்பி கொண்டு ஒருவாறு சமாளிக்கலாம். பலரும் அதனையும் விட்டு, முதல்வகையே போதும் என்று அமைந்துவிட்டனர்.

பிற பகுதிகள் மெல்ல மெல்ல ஒத்து வந்தன. புதிதாய்ப் படைத்த உறுப்பு படிவத்தில் விடைக்கட்டமாக நின்று, எழுதியதைப் பிறவற்றோடு அனுப்புதற்கு எலிமெண்ட் இண்டர்னல்ஸ் என்னும் வழி வேண்டும். க்ரோம் இதனை 2019-இல் ஏற்றது; பயர்பாக்ஸ் 2021, 2022 ஆகிய ஆண்டுகளிற் பகுதி பகுதியாக ஏற்றது; சபாரி 2023 மார்ச்சில் 16.4-ஆம் பதிப்பில் ஏற்றது. ஒரே நடைத்தாளைப் பல நிழல்மரங்கள் பங்கிட்டுக் கொள்ளும் வசதியும் க்ரோமில் 2019, பயர்பாக்ஸில் 2022, சபாரியில் 2023 என்று இதே நடையில் வந்தது. ஆப்பிள், கூகிள், மைக்ரோசாப்ட், மொஸில்லா முதலியோர் ஒருங்கிருந்து ஆண்டுதோறும் சில பகுதிகளைத் தேர்ந்து, பொதுச்சோதனைகளால் ஒப்புநோக்கித் தத்தம் குறைகளைத் தீர்க்கும் இண்டராப் என்னும் முயற்சியில், 2023-இல் வலையுறுப்புகளும் இடம்பெற்றன. உலாவிக்கு வெளியேயும் ஒரு தடை இருந்தது. பலர் கையாளும் ரியாக்ட் என்னும் துணைநூலகம் இவ்வுறுப்புகளுக்குப் பண்புகளைச் செவ்வனே கடத்தாதிருந்தது. 2024 டிசம்பரில் வந்த அதன் 19-ஆம் பதிப்பே அதனைத் திருத்திற்று.

இவற்றுள் எல்லாம் எமக்கு மிக வேண்டியதாகத் தோன்றுவது, டிக்ளரேட்டிவ் ஷாடோ டாம் என்னும் அறிவிப்பு நிழல்மரம். முன்னர் நிழல்மரத்தை ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பின்னரே நட முடியும். இணைப்பு மெலிந்த ஊரில் அந்நிரல் வந்து சேருமுன், உள்ளே வரவேண்டிய பகுதி தோன்றாது. வாசகன் வெற்றுப் பக்கத்தை நோக்கியிருப்பான். இப்பொழுதோ, வழங்கியே நிழல்மரத்தையும் எச்.டி.எம்.எல்.-இல் எழுதி அனுப்பலாம். நிரல் வருமுன்னரே வடிவம் தோன்றிவிடும். க்ரோம் 2021-இல் இதனை ஒரு பெயரில் முயன்று, விதியாளர் பெயரை மாற்றியபின், 2023 மார்ச்சில் 111-ஆம் பதிப்பில் இன்றைய வடிவிற் றந்தது. சபாரி அதே மாதத்தில் ஏற்றது. பயர்பாக்ஸ் 2024 பிப்ரவரியில் 123-ஆம் பதிப்பில் ஏற்றது.

எனின், இன்று எல்லார் கையிலும் இவை உள என்று கொள்ளலாமோ? பழைய கருவிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியில் க்ரோம் தனிச்செயலியாக நின்று தானே புதுப்பிக்கப்படும். ஐபோனிலோ சபாரியின் பொறி இயக்குதளத்தோடு பிணைந்தது. இயக்குதளம் மாறினாலன்றிப் பொறி மாறாது. 2016-இல் வெளிவந்த ஐபோன் 7 பதினைந்தாம் பதிப்போடு நின்றுவிட்டது, 16.4 அதற்கு எட்டாது. ஆகவே தமையன் தந்த ஐபோன் 7-ஐ வைத்திருக்கும் மாணவர்க்குப் பெயர்ப்படைப்பும் அடிப்படை நிழல்மரமும் உண்டு. அறிவிப்பு நிழல்மரமும் எலிமெண்ட் இண்டர்னல்ஸும் இல்லை. இவ்விடத்து எச்.டி.எம்.எல்.-இன் பழைய நற்பண்பொன்று கைகொடுக்கின்றது. தான் அறியாத பெயரைக் கண்டால் உலாவி சினவாது. பெயரை விட்டு, இடையிலுள்ள சொற்களை வெறும் எழுத்தாகக் காட்டும். ஆதலின் செய்யுளின் மூலத்தை உறுப்பின் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே வெளிப்படையாக எழுதி, அழகும் தொடுபொருளும் மட்டும் நிழல்மரத்தினின்று வருமாறு அமைத்தால், எக்கருவியிலும் செய்யுள் படிக்கக் கிடைக்கும். மூலத்தையே நிரலுக்குள் ஒளித்து வைப்போர் பலர், அது தகாது.

தமிழெழுத்துருவைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நாம் விரும்பும் எழுத்துருவை உறுப்போடு சேர்த்தனுப்புவோமென்று, அதன் அறிவிப்பை நிழல்மரத்தின் நடைத்தாளுள் எழுதுவார் உளர். உலாவிகள் அதனைக் கொள்வதில்லை. எழுத்துருவின் அறிவிப்பு வெளியே, முதன்மை ஆவணத்தில் நிற்றல் வேண்டும். அங்கு நின்றால் அதன் பெயரை உள்ளே ஆளலாம். உறுப்பு தன்னிறைவுடையது என்னும் பேச்சு இவ்வளவில் முழுவதும் உண்மையன்று. நம் உறுப்பைப் பிறர் தம் பக்கத்தில் வைக்கும்போது எழுத்துருவின் அறிவிப்பையும் வைக்குமாறு அவர்க்குச் சொல்லிவிடல் நலம்.

இறுதியாக, இன்னும் தீராதது. விடையெழுதும் கட்டத்திற்கு 'பெயர்', 'வகுப்பு' என்று ஒரு முகப்புச்சொல் அருகே எழுதுவோம். கண்ணுள்ளார் இரண்டையும் சேர்த்துக் காண்பர். பார்வையற்ற மாணவர்க்குத் திரைவாசிப்பி இரண்டையும் இணைத்துக் கூறவேண்டும். அவ்விணைப்பு, கட்டத்திற்கு ஓர் அடையாளப்பெயர் இட்டு முகப்புச்சொல்லில் அதனைச் சுட்டுவதால் நிகழ்வது. ஆனால் அடையாளப்பெயர்கள் நிழல்மரத்தின் சுவரைத் தாண்டா. முகப்புச்சொல் வெளியேயும் கட்டம் சுவரின் உள்ளேயும் இருந்தால் சுட்டு அறுந்துபோம்; திரைவாசிப்பி பெயரில்லாத கட்டமொன்றை அறிவிக்கும்; கேட்கும் மாணவர் அதில் எதை எழுதுவதென்று அறியார். நடைத்தாளைத் தடுக்க எழுப்பிய சுவர் இதனையும் தடுத்துவிட்டது. சுவரைத் தாண்டிச் சுட்டுதற்குரிய வழியொன்றை விதியாளர் ரெஃபரன்ஸ் டார்கெட் என்னும் பெயரால் வரைந்து வருகின்றனர். அது விதியாகி மூன்று பொறிகளிலும் வரும்வரை, விடைக்கட்டத்தையும் அதன் முகப்புச்சொல்லையும் ஒரே நிழல்மரத்தினுள் வைத்தெழுதுவதோ, இரண்டையும் வெளியே நிறுத்தி ஸ்லாட்டின் வழியாக உள்ளே காட்டுவதோதான் செய்யத்தக்கது. பின்னதில் அடையாளப்பெயர் இரண்டும் வெளிமரத்திலேயே இருத்தலாற் சுட்டு அறாது.